நாய்க்குட்டிக்குக் கூண்டு பழக்குவது எப்படி: முதல் நாளிலிருந்து கதவைக் கழற்றும் நாள் வரை

எங்கள் நாய்க்குட்டி சுக்கு வீட்டுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே கம்பிக் கூண்டு வந்து இறங்கிவிட்டது. ஹாலில் உட்கார்ந்து அதை விரித்துக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன்டா, நாய் வளக்கப் போறியா, கோழி வளக்கப் போறியா?"

கேட்டதில் தப்பில்லை. நம் பக்கம் நாய் வாசலில் படுக்கும், திண்ணையில் படுக்கும், வெயில் ஏறினால் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் புகுந்துகொள்ளும். கூண்டு என்றால் கிளிக்கும் எலிக்கும்தான். பிறகு ஏன் நாய்க்குட்டிக்கு? மாடி வீட்டில், சுற்றிலும் வயரும் செருப்பும் ஃபினாயில் பாட்டிலும் இருக்கிற இடத்தில், இரண்டு மாதக் குட்டியை 24 மணி நேரமும் கண்ணில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. கண் மறைகிற நேரத்துக்கு அதற்குப் பத்திரமான ஓர் இடம் வேண்டும். ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகும் பழக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரவும் அந்த இடம் உதவும்.

இதை நான் ஒருமுறை நன்றாகக் கெடுத்திருக்கிறேன். சுக்குக்கு முன்பு டைகர் என்று ஒருவன் இருந்தான். கூண்டு விற்ற கடைக்காரர், "உள்ள விட்டு மூடிருங்க சார், நாலு நாள் கத்தும், அஞ்சாம் நாள் அதுவே அடங்கிரும்" என்றார். நானும் முதல் இரவே மூடினேன். காலையில் பார்த்தபோது குட்டி தன் மூத்திரத்திலேயே நனைந்து உட்கார்ந்திருந்தது. கம்பியைக் கடித்ததில் ஈறில் ரத்தம். அடங்கத்தான் செய்தான், ஆனால் அதன் பிறகு அந்தக் கூண்டு இருந்த அறைக்குள்ளேயே வர மாட்டான். கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

அதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கூண்டு என்பது கதவு வைத்த ஒரு படுக்கை. முதலில் படுக்கையைப் பழக்க வேண்டும், கதவு கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிற வீடுகளில்தான் "எங்க நாய்க்குக் கூண்டு ஒத்துக்கல" என்ற பேச்சு வரும்.

குட்டிக்கு என்ன வயது?

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கவே கூடாது. கூண்டுப் பழக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூன்று வாரம் ஆகிறபோதே குட்டி தள்ளாடித் தள்ளாடி எழுந்து, படுக்கிற இடத்தை விட்டு விலகிப் போய் ஒன்றுக்கு இருக்கத் தொடங்கிவிடும். படுக்கையை அசுத்தம் செய்யாத இந்தப் புத்தி அதன் பிறவியிலேயே இருக்கிறது. நாம் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, அந்தப் புத்தியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாம்.

அதனால்தான் கடைக் கூண்டிலேயே வாரக் கணக்கில் கிடந்த குட்டியோடு பாடு அதிகம். அது தூங்கிய இடத்திலேயே இருந்து இருந்து, அந்த அருவருப்பே மரத்துப்போயிருக்கும். அப்படிப்பட்ட குட்டி உங்களிடம் வந்தால், கீழே சொல்லியிருக்கிற நேரங்களையெல்லாம் பாதியாக்கிக்கொள்ளுங்கள். விரிப்பு நனைந்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். திரும்ப வரும் அந்தப் புத்தி, நாளாகும்.

கூண்டு வாங்குவது

நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அளவு அவ்வளவுதான். பெரிதாக வாங்கினால் சுகமாக இருக்குமே என்று தோன்றும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் ஒன்றுக்கு இருந்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகத் தூங்கும். குட்டி வளரும் என்பதால், வளர்ந்த நாய்க்கான அளவில் வாங்கி, நடுவில் தடுப்புப் பலகை போட்டு, மாதா மாதம் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தடுப்போடு வரும் கூண்டாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கெட்டியான அட்டைப்பெட்டியைப் பின்பக்கம் அடைத்துவிடலாம். கடித்துத் தின்கிற குட்டி என்றால் அட்டை வேண்டாம்.

பக், டாக்ஸ்ஹண்ட் மாதிரி சின்ன இனங்களுக்கு 24 அங்குலம், பீகிளுக்கு 30, நம் நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் 36, லாப்ரடாருக்கு 42. சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் நெட்டையானவை. அவற்றுக்கு எண்ணை நம்பாமல் தாய் நாயின் உயரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெல்டிங் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. விலை குறையும். ஆனால் பட்டறைக்காரர் ஜன்னல் கிரில் கணக்கில் கம்பிகளுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி விட்டுவிடுவார். குட்டியின் தலை உள்ளே போகும், வெளியே வராது. கம்பி இடைவெளி ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். வெல்டிங் பிசிறுகளை ராவித் தரச் சொல்லுங்கள். அடியில் வெறும் கம்பி வேண்டாம், தட்டு கட்டாயம்.

பிளாஸ்டிக் கூண்டு பயணத்துக்கு நல்லது. ஆனால் மதுரை வெயிலுக்கு அதற்குள் காற்று போதாது. அதனால் வீட்டுக்குக் கம்பிக் கூண்டுதான் என் கட்சி.

உள்ளே போட அழகழகான பஞ்சு மெத்தை விற்கிறார்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள், கிழித்துத் தின்று குடலில் அடைத்துக்கொள்ளும். அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டேன். துவைக்கச் சுலபம், வெயில் காலத்தில் குளிர்ச்சி. குட்டியைத் தூக்கிவரும்போது தாயும் மற்ற குட்டிகளும் படுத்திருந்த சாக்கிலிருந்தோ துணியிலிருந்தோ ஒரு துண்டு வாங்கி வந்து அதோடு போட்டுவிடுங்கள். அந்த வாசனை முதல் மூன்று இரவுக்கு உங்களைவிடப் பெரிய துணை.

எங்கே வைப்பது

ஆள் நடமாட்டம் தெரிகிற மூலையில். ஹாலில், இரண்டு பக்கம் சுவர் வருகிற மாதிரி, ஃபேன் காற்று படுகிற இடத்தில். பால்கனி, மாடிப்படிக்கு அடி, தகரம் வேய்ந்த மொட்டை மாடி அறை, மூன்றும் கூடாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நகர முடியாத இடத்தில் வெயில் வந்து விழுந்தால் அரை மணி நேரமே ஆபத்து. காலையில் நிழலாக இருக்கும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். கத்திரி வெயிலில் கரண்ட் போகும் நேரமாக இருந்தால் கதவைத் திறந்துவிட்டு, குட்டியைத் தரையில் படுக்க விடுங்கள்.

சிலர் மேலே போர்வை போட்டு மூடுவார்கள், குகை மாதிரி இருக்கட்டும் என்று. மெல்லிய வேட்டித் துணியாக இருந்தால், முன்பக்கத்தை விட்டு மற்ற பக்கம் போடலாம். கம்பளி வேண்டவே வேண்டாம்.

முதல் மூன்று, நான்கு நாள்: கதவே இல்லை

கூண்டின் கதவைப் பின்னுக்குத் தள்ளி ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். காற்றில் ஆடி ஒருமுறை "டங்"கென்று சாத்திக்கொண்டால் போதும், அன்றைக்குச் செய்த வேலை வீண்.

வேகவைத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் கடலைப் பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோழி சமைக்காத வீடென்றால் பனீர், அவித்த கேரட் என்று எது குட்டியை இழுக்கிறதோ அது. திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். "ஒரே ஒண்ணுதானே" என்று குழந்தைகள் நீட்டுவார்கள், அதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முதல் துண்டைக் கூண்டு வாசலில் போடுங்கள். அடுத்தது அரை அடி உள்ளே. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். குட்டியைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள், பின்னால் தள்ளாதீர்கள், "போ போ" என்று விரட்டவும் வேண்டாம். சுக்கு முதல் நாள் முழுக்கச் செய்தது ஒரே வித்தைதான். பின்னங்கால் இரண்டையும் வெளியே டைல்ஸில் ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் மாதிரி இழுத்து, கழுத்தை நீட்டிக் கோழித் துண்டை நாக்கால் வளைத்து எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். பின்னங்கால் வழுக்கிக்கொண்டே போகும், இருந்தாலும் உள்ளே வைக்க மாட்டாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு பின்னங்கால் உள்ளே வந்தது. நாலாவதும் வந்த அன்று, அவள் திரும்பி வெளியே வருவதற்குள் இன்னும் மூன்று துண்டை உள்ளேயே போட்டேன். வெளியே வந்த பிறகு கொடுத்தால், "வெளியே வந்ததற்குத்தான் பரிசு" என்று புரிந்துகொள்ளும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். நாளைக்கு நாலைந்து தடவை. குட்டிக்கு ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வேளைச் சாப்பாட்டையும் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். முதலில் வாசலோரம், அப்புறம் நடுவில், அப்புறம் கடைசிச் சுவரோரம். நீங்கள் பார்க்காத நேரத்தில் அங்கங்கே இரண்டு துண்டை ஒளித்து வையுங்கள். தானாகப் போய் மோந்து பார்க்கிற நாள் வரும். சுக்குக்கு மூன்றாம் நாள் வந்தது. கூச்சமுள்ள குட்டிக்கு ஒரு வாரம் ஆகலாம்.

உள்ளே போகச் சொல்ல ஒரு சொல் வேண்டும். எங்கள் வீட்டில் "வீட்டுக்கு". நீங்கள் "உள்ளே" என்றோ "கூட்டுக்கு" என்றோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ஒன்று, பிள்ளை ஒன்று சொன்னால் குட்டிக்கு அது வெறும் சத்தம்தான். அது போகிற அந்த நொடியில் சொல்லைச் சொல்லுங்கள். சில நாளில் சொல்லைக் கேட்டதும் போகும்.

கதவு

குட்டி தானாக உள்ளே போய்ச் சாவகாசமாகச் சாப்பிடுகிறது, சில சமயம் படுத்தும் பார்க்கிறது என்றால் கயிற்றை அவிழ்க்கலாம்.

முதலில் கொக்கியின் சத்தம். கூண்டு கதவின் கொக்கி "கிளிக்"கென்று விழும் சத்தமே சில குட்டிகளைத் தூக்கிவாரிப் போடும். குட்டி வெளியே இருக்கும்போது கொக்கியைத் தட்டுங்கள், ஒரு துண்டு கொடுங்கள். பத்து தடவை. அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் ஓடாது, எங்கே துண்டு என்று பார்க்கும்.

அடுத்து, அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைப் பாதி சாத்தித் திறந்துவிடுங்கள். பிறகு முழுதும் சாத்தி, கொக்கி போடாமல், தட்டு காலியாவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். சாத்தியிருக்கிறதே என்று அது கவலைப்படாமல் தின்றுகொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் நொடிக் கணக்கு. ஐந்து நொடி, பத்து, இருபது, திரும்ப ஐந்து, முப்பது, பதினைந்து, ஒரு நிமிடம். ஏறிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் குட்டி அதைக் கண்டுபிடித்துவிடும், நீங்கள் கொக்கியில் கை வைக்கும்போதே முறைக்கும். நடுநடுவே சுலபமானதைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் வந்ததும் எழுந்து நில்லுங்கள். பிறகு அடுப்படி வரை போய் வாருங்கள். பிறகு சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, வாசல் கதவைத் திறந்து மூடிவிட்டுத் திரும்ப வந்து உட்காருங்கள். பெரிய விடைபெறுதல், "போயிட்டு வந்துர்றேன் தங்கம், அழக்கூடாது" எல்லாம் வேண்டாம். வந்ததும் தூக்கிக் கொஞ்சுவதும் வேண்டாம். போவதும் வருவதும் சாதாரணம் என்று நம் நடத்தையே சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் அமைதியாக இருக்கிற நிலைக்கு வர எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. யாராவது மூன்று நாளில் முடித்தேன் என்றால் சந்தோஷம். அதைப் பார்த்து நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

இதற்கு நல்ல நேரம் எது? குட்டி களைத்திருக்கும் நேரம். இரண்டு மாதக் குட்டி நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் விழித்து ஆடினாலே அதற்குக் கண் சொருகும். ஆனால் போய்ப் படுக்கத் தெரியாது, கைலியைப் பிடித்துத் தொங்கும், காலைக் கடிக்கும், சுற்றிச் சுற்றி ஓடும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடிக்கிறது என்று சொல்வார்களே, அதில் பெரும்பகுதி தூக்கக் கலக்கம்தான். அந்த நேரத்தில் ஒன்றுக்குக் கூட்டிப்போய்விட்டு, கடிக்க ஏதாவது கொடுத்துக் கூண்டில் விட்டால் பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். உள்ளே தயிர் தடவி ஃப்ரீசரில் வைத்த ரப்பர் பொம்மை இதற்கு அருமையானது. நாலு மாதத்தில் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது அந்தக் குளிர்ச்சி ஈறுக்கும் இதம்.

இரவு

பகல் பயிற்சி முடியும் வரை இரவு காத்திருக்காது. முதல் இரவே வந்துவிடும். அதற்கு என் வழி: கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை தொங்கவிட்டால் தொடுகிற தூரத்தில் வைத்துக்கொள்வது. தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். முதல் சில இரவு கதவைத் திறந்து வைத்து, கூண்டைச் சுற்றி ஒரு தடுப்பு மட்டும் போட்டேன். குட்டி விழித்துப் பார்த்தால் ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்க வேண்டும். நேற்று வரை அண்ணன் தம்பிகளோடு ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்த உயிர் அது. ஹாலில் இருட்டில் தனியாக விட்டுவிட்டு "ஏன் கத்துது" என்று கேட்பது சரியில்லை. தூக்கம் பழகிய பிறகு நாளுக்கு இரண்டடியாகக் கூண்டை நகர்த்திக்கொண்டே ஹாலுக்குக் கொண்டுபோய்விடலாம்.

கடைசிச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு. படுக்கப் போகும் முன் ஒன்றுக்கு. பிறகு அலாரம்: எட்டு வாரக் குட்டிக்கு நான் இரவு ஒன்றரைக்கும் நாலரைக்கும் வைத்தேன். அது அழுவதற்கு முன்பே நாம் எழுப்பித் தூக்கிப் போக வேண்டும். அழுத பிறகு தூக்கினால், அழுதால் தூக்குவார்கள் என்ற கணக்கு விழுந்துவிடும். பெரிய லைட் போடாமல், பேசாமல், விளையாடாமல் போய்விட்டு வந்து படுக்க வைத்துவிடுங்கள். நனையாத இரவு மூன்று, நாலு சேர்ந்து வந்ததும் அலாரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளுங்கள். நாலு மாதம் ஆகிறபோது பெரும்பாலான குட்டிகள் இரவு முழுக்கத் தாங்கிவிடும்.

அழுகையைப் பிரித்துக் கேட்பது

"அழவிட்டா பழகிரும்" என்பார்கள், "அழுதா உடனே திறந்திரு" என்பார்கள். இரண்டுமே காதை மூடிக்கொண்டு சொல்வது. குட்டியின் அழுகை ஒன்றல்ல.

முணுமுணுப்பு ஒன்று உண்டு. படுத்தபடியே "ம்ம்ம்" என்று இழுக்கும், பெருமூச்சு விடும், நடுவில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கும், மறுபடி இழுக்கும். தூக்கம் வருகிற குழந்தையின் சிணுங்கல் அது. இரண்டு, மூன்று நிமிடத்தில் அடங்கும், சும்மா இருங்கள்.

இன்னொன்று, தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று எழுந்து, உள்ளேயே சுற்றி, தரையை மோந்து, கதவைப் பார்த்துக் குரல் கொடுக்கும். வயிறோ மூத்திரப்பையோ நிறைந்துவிட்டது. யோசிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவதுதான் டைகருடையது. குரல் ஏறிக்கொண்டே போகும், எச்சில் ஒழுகும், மூச்சு வாங்கும், கம்பியைக் கடிக்கும், தட்டைப் பிறாண்டும். கோழியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. இது அடம் இல்லை, பயம். உடனே திறந்துவிடுங்கள். மறுநாள் கதவில்லாத நிலைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். நாலு நாள் பின்னால் போவது ஒன்றும் தோல்வியில்லை. திரும்பத் திரும்ப இப்படியே ஆனால் கூண்டை விட்டுவிட்டு, தடுப்பு போட்ட ஒரு மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லா நாய்க்கும் கூண்டு பொருந்தியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. சுவீடனில் பயணம், போட்டி மாதிரியான சில காரணங்களுக்குத் தவிர, வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதற்கே சட்டப்படி அனுமதி கிடையாது. அங்கேயும் நாய்கள் வீட்டுக்குள்தான் வளர்கின்றன.

ஒன்றுக்கு, ரெண்டுக்கு

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்திலும், விளையாட்டு முடிந்ததும், கூண்டிலிருந்து வெளியே வந்ததும். இந்த நாலு நேரத்தையும் விடாமல் பிடித்தால் வீட்டுக்குள் நனைவது வெகுவாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கொண்டு போங்கள். மாடி வீடென்றால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், நடத்திக் கூட்டிப் போனால் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிடும். போய் முடித்ததும் அந்த இடத்திலேயே பாராட்டு, ஒரு துண்டு.

தடுப்பூசி முழுதும் முடியாத குட்டியைத் தெரு நாய்கள் போகும் மண்ணில் இறக்கவேண்டாம். குட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு நோயைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த ஊசிகள் 16 வாரம் வரை மூன்று, நாலு வார இடைவெளியில் போய்க்கொண்டிருக்கும். அதுவரை மொட்டை மாடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டில் மண்ணைக் கொட்டி வைத்தோம். சுக்கு ஒரு வாரத்தில் அதற்குப் பழகினாள். கீழ்வீட்டுப் பூனையும் பழகிக்கொண்டது வேறு கதை.

உள்ளே நனைத்துவிட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது, உங்கள் கண்ணெதிரே இருக்கக் கூடாது என்பதை மட்டும்தான். பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் இருக்கும், வெளியே கூட்டிப் போனாலும் உங்கள் முன்னால் போகாது. துடைத்துவிட்டு, நேரக் கணக்கில் எங்கே தப்பு என்று பாருங்கள். துடைக்க ஃபினாயில் வேண்டாம். குட்டி தரையை நக்கும், அந்த ரசாயனம் அதற்குக் கெடுதல். அம்மோனியா கலந்ததும் வேண்டாம், அது மூத்திர வாசனையையே ஞாபகப்படுத்தும். நாய் வளர்ப்புக் கடைகளில் கிடைக்கிற என்சைம் கிளீனர் நல்லது. அது இல்லாத அன்றைக்கு வினிகர் கலந்த தண்ணீர்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்?

மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது மணிக்கணக்கு என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் தாங்குமாம். அது மூத்திரப்பை தாங்குகிற எல்லை, தாங்க வைக்க வேண்டிய அளவு அல்ல. நான் அதில் இரண்டு மணி நேரத்தையாவது கழித்துவிடுவேன். பகலில் இரண்டரை மாதம் வரை ஒரு மணி, ஒன்றரை மணி. மூன்று மாதத்தில் இரண்டு. நாலு, ஐந்து மாதத்தில் மூன்று. வளர்ந்த நாயையும் பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் அடைக்க எனக்கு மனசு வராது.

அப்படியென்றால் இரண்டு பேரும் காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிற வீட்டில்? கூண்டு அதற்குப் பதில் இல்லை. யாராவது நடுவில் வந்து போக வேண்டும், அல்லது கூண்டின் கதவைத் திறந்து வைத்து அதைச் சுற்றி மடக்குத் தடுப்பு போட்டு, ஒரு மூலையில் படுக்கை, மறு மூலையில் செய்தித்தாள், தண்ணீர் என்று விட வேண்டும். எங்களுக்கு எதிர்வீட்டு ஆச்சி கிடைத்தார். பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்து குட்டியை மாடிக்குத் தூக்கிப் போய்விட்டு வருவார். முதல் வாரம் இட்லியைக் கொடுத்துக் கெடுத்தார் என்பதைத் தவிர வேறு குறையில்லை. அப்படி யாரும் இல்லாத வீட்டில், இப்போதைக்குக் குட்டியே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கூடவே கூடாதவை

கூண்டுக்குள் விடும்போது கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பெல்ட், சங்கிலி, மணி எல்லாம் கழற்றுங்கள். திருஷ்டிக்காகக் கட்டும் கறுப்புக் கயிற்றை மறந்துவிடுவோம். அது கம்பியில் மாட்டி முறுக்கிக்கொண்டால் குட்டி தானாக விடுவித்துக்கொள்ள முடியாது. எங்கள் அம்மா கயிற்றை விட்டுக்கொடுக்க மறுத்துக் கடைசியில் அதைக் கூண்டின் மேல் கம்பியில் கட்டிவிட்டார். திருஷ்டி கூண்டுக்கே கழியட்டும்.

செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக உள்ளே போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கம்பிக்குள் விரலை விட்டு ஆட்டினால் அன்பாகவோ அதட்டியோ தடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும்போது யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது அங்கே தூங்குகிறது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கிற நாளில் அடைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கதவைக் கழற்றிய நாள்

ஆறு மாதத்தில் சுக்கு வீட்டுக்குள் நனைப்பதையும் வயரைக் கடிப்பதையும் விட்டிருந்தாள். அந்த வருஷத் தீபாவளிக்குக் கூண்டைப் படுக்கையறை உள்மூலைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைச் சத்தமாக ஓட விட்டு, மேலே வேட்டியைப் போர்த்தி, கதவைத் திறந்தே வைத்தோம். தெருவில் முதல் சரம் வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் பாய்வாள் என்று நினைத்தேன். நேராகக் கூண்டுக்குள் போய், பழைய சேலையை முன்காலால் நாலு தடவை பிறாண்டிச் சுருட்டி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் கதவைக் கழற்றிவிட்டேன். இப்போது அது மொட்டை மாடியில் இருக்கிறது. அம்மா வடகம் காயப் போடும்போது காக்காய் கொத்தாமல் மேலே வைத்துக்கொள்கிறார்.